ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகக் கனடா

"தம்பி, கனடாவுக்கு எம்புட்டு நேரம்?"

போன வாரம் ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடையில் ஒருவர் கேட்டார். எங்கள் தெருக்காரர். அவர் மகனுக்கும் அங்கே ஏதோ வேலை அமைகிறது போலிருக்கிறது.

இதையே கோடையில் கேட்டிருந்தால் சட்டென்று ஃபோனை எடுத்து, இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி நேரம் என்று வாசித்திருப்பேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் திருப்பிக் கேட்டேன்.

"எங்கயிருந்து?"

"இதென்னப்பா கேள்வி... இங்கயிருந்துதான்."

"இங்கயிருந்துன்னா? ஏர்போர்ட்லருந்தா, வீட்லருந்தா, இல்ல ஸ்ரீவில்லிபுத்தூர்லருந்தா?"

மனிதர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். படித்த பிள்ளை, நன்றாகத்தான் இருந்தான், என்ன ஆயிற்றோ என்கிற பார்வை.

என்ன ஆயிற்று என்பதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கச்சி முத்துலட்சுமி கனடாவில் இருக்கிறாள். ரெஜைனா என்று ஒரு ஊர். மாப்பிள்ளைக்கு அங்கே வேலை. முத்துவுக்குத் தலைப்பிரசவம். இந்தப் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும் - தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். ஆனால் டாக்டர் விமானப் பயணம் கூடாது என்று சொல்லிவிட்டார். பிள்ளை தாய் வீட்டுக்கு வர முடியாவிட்டால் என்ன செய்வது? தாய் வீடு கிளம்பிப் பிள்ளையிடம் போக வேண்டியதுதான்.

எங்கள் தாய் வீட்டுக்கு வயது ஐம்பத்து மூன்று. பெயர் செல்லத்தாய். மதுரைக்கு அந்தப்பக்கம் போனதில்லை.

"அம்மா வராம நான் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேண்ணே" என்று முத்து ஃபோனில் அழுதுவிட்டாள். அங்கே அவளுக்கு வேறு யாரும் இல்லை. மாப்பிள்ளை நல்ல பையன்தான், ஆனால் வெந்நீர் போட்டாலே தீய வைக்கிற ரகம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் எழுத்து என்று எது வந்தாலும் என் இலாகா. மாத்திரை அட்டையில் இருப்பதை வாசிப்பது முதல் விசாவுக்கு விண்ணப்பிப்பது வரை. விசா வந்தது. டிக்கெட்டும் நானே போட்டேன். பிரசவத் தேதிக்குச் சில நாள் முன்னால் போய்ச் சேர்கிற மாதிரி ஒரே ஒரு டிக்கெட்தான் எங்களுக்குத் தோதான விலையில் கிடைத்தது. அதை விட்டால் அடுத்தது பிள்ளை பிறந்து தொட்டிலும் கட்டிய பிறகு. வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஃப்ளைட்.

டிக்கெட் போட்ட சந்தோஷத்தில் இன்னொரு வேலையும் செய்தேன். அதுதான் வினை.

இரண்டு ஏர்போர்ட்களின் பெயரைக் கொடுத்தால் நடுவில் எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று சொல்லும் வெப்சைட்கள் இருக்கின்றன, பார்த்திருக்கிறீர்களா? திருவனந்தபுரம் - ரெஜைனா என்று போட்டேன். பதிமூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். பதினேழு மணி நேரம். அடடா, என்ன ஒரு தெளிவு!

தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். காய்கறி வண்டிக்காரரிடம்கூடச் சொன்னேன். "பதிமூவாயிரம் கிலோமீட்டர்ண்ணே!" அவர் கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டே, "அம்புட்டுத் தூரத்துக்கு நல்லெண்ண கொண்டுபோக விடுவானா?" என்று கேட்டார். அவரவர் கவலை அவரவருக்கு.

பிறகுதான் டிக்கெட்டை ஒழுங்காகக் கூட்டிப் பார்த்தேன். அபுதாபியில் இறங்கிக் காத்திருப்பு, டொரோண்டோவில் இறங்கிக் காத்திருப்பு, அங்கிருந்து இன்னொரு ப்ளேன்... வெப்சைட் சொன்னதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தப் பதினேழு மணி நேரப் பாதையில் எந்த ப்ளேனும் போவதில்லை. காக்காய் போகுமா என்பதுகூடச் சந்தேகம்.

ஆனால் சொன்னது சொன்னதுதான். பதிமூவாயிரம் என்ற எண் அம்மாவின் காதில் விழுந்து, உள்ளே இறங்கி, வேலையைத் தொடங்கிவிட்டது.

ஒருநாள் காலை, அம்மா தினசரிக் காலண்டரின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் சூலம் எந்தக் கிழமையில் எந்தத் திசை என்பது மனப்பாடம். சூலம் இருக்கிற திசையில் அன்றைக்குப் பயணம் கிளம்பக் கூடாது. காலண்டரைப் பார்த்தது சும்மா ஒரு சாட்சிக்கு.

"ஏலே, கனடா எந்தத் திசைல இருக்கு?"

என்ன அருமையான கேள்வி! இதற்காகத்தானே படித்தேன்? அடுப்படியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தையும் பூக்கட்டுகிற நூலையும் எடுத்துவந்தேன். பழத்தில் பேனாவால் ஒரு புள்ளி. இது ராஜபாளையம். பின்பக்கம் கொஞ்சம் மேலே இன்னொரு புள்ளி. இது ரெஜைனா. இரண்டுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தேன். நூல் நேராகப் பழத்தின் காம்பைத் தொட்டுக்கொண்டு போனது.

"பாத்தியாம்மா? காம்புதான் வடதுருவம். நம்ம ஊர்லருந்து நேர் வடக்க ஏறி, உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினா முத்து வீடு. கனடா நமக்கு வடக்க!"

அம்மா பழத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப ப்ளேனு வடக்க பாத்துத்தான் போகுதா?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். "இல்லம்மா... அது முதல்ல அபுதாபி போகும்."

"அபுதாபி எங்கிட்டு இருக்கு?"

"அது... மேற்க."

"வெள்ளிக்கிழம மேற்க சூலம்."

பேச்சு முடிந்தது. எலுமிச்சம்பழம் ஊறுகாய் ஜாடிக்குப் போனது.

நான் விடவில்லை. அம்மாவின் வழியிலேயே போய் மடக்கலாம் என்று பார்த்தேன். சூலத்துக்குத்தான் பரிகாரம் இருக்கிறதே! மேற்கே சூலம் என்றால் வெல்லம். "ஒரு துண்டு வெல்லத்த வாய்ல போட்டுக்கிட்டுக் கெளம்புவோம்மா. சரியாப் போச்சு."

அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "வெல்லம் தென்காசிக்குப் போகத் தாங்கும்லே. பதிமூவாயிரம் கிலோமீட்டருக்கு எம்புட்டு வெல்லத்தத் திங்குறது?"

அதன் பிறகு அம்மா அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. வியாழக்கிழமை காலை, "ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போயிட்டு வாரேன், ஆண்டாளக் கும்புட்டு, ஒஞ் சித்தியையும் பாத்துட்டு" என்று மஞ்சள் பையோடு பஸ் ஏறினாள். மதியம் திரும்பி வந்தபோது முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. சூலம், கீலம் என்று ஒரு முனகல்கூட இல்லை.

என் எலுமிச்சம்பழ விளக்கம் மெதுவாக வேலை செய்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை. ராகு காலத்துக்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்பதால் ஒன்பது மணிக்கெல்லாம் காதர் காரோடு வந்துவிட்டான். காதர் என் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. டாக்ஸி ஓட்டுகிறான். அவன் அப்பாவுக்கு பஜாரில் செருப்புக்கடை. அம்மாவை "யத்தே" என்றுதான் கூப்பிடுவான்.

நான் பெரிய பெட்டியைக் காரில் ஏற்றினேன். "பாஸ்போர்ட்டும்மா?"

"பத்திரமா இருக்கு."

பெட்டியின் மேல் கயிறு கட்டினேன். "பாஸ்போர்ட் பத்திரம்மா."

"பத்திரமா இருக்குன்னு சொன்னேம்லா?"

கார் கதவைச் சாத்தும்போது மூன்றாவது தடவையும் கேட்டேன். மூன்றாவது தடவையும் அதே பதில். மூன்று தடவையும் அம்மா உண்மையைத்தான் சொன்னாள். 'எங்கே' என்ற ஒரு வார்த்தையை நான்தான் கேட்கவில்லை.

அப்பா வரவில்லை. நூல் மில்லில் வேலை. "எனக்கு ஷிஃப்ட் இருக்கு. போயிட்டு வா" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எங்களுக்கு முன்னாலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆறு மாதம் பிரிந்திருக்கப் போகிறவர் பேசிய மொத்த வசனமும் அவ்வளவுதான். அம்மா, தெருமுனை திரும்புகிறவரை சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் அம்மாவின் பயண முறையைச் சொல்லியாக வேண்டும். காரில் ஏறினால் அம்மாவுக்குக் குமட்டும். அதனால் ஏறிய உடனே முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள். இறங்கச் சொல்லும்வரை திறக்கவே மாட்டாள். உலகத்தில் பாதி தூரம் என்றாலும் அதே முறைதான்.

ராஜபாளையம் போயிற்று. சேத்தூர் போயிற்று. வாசுதேவநல்லூர் போயிற்று. மேற்கே மலை கூடவே வந்துகொண்டிருந்தது. நானும் காதரும் பழைய கதை பேசிக்கொண்டு வந்தோம். புளியங்குடியில் டீக்காக நிறுத்தினான்.

கார் நின்றதும் முந்தானை விலகியது. ஒரு கண் திறந்தது.

"வந்துருச்சா?"

"எதும்மா?"

"ஸ்ரீவில்லிபுத்தூரு."

காதர் சிரித்துவிட்டான். "யத்தே, நல்லாத் தூங்கிட்டிய போல. ஸ்ரீவில்லிபுத்தூரு அங்கிட்டு. நாம இங்கிட்டு வந்திருக்கோம். இது புளியங்குடி."

"புளியங்குடிக்கு எதுக்குடா வந்தோம்?"

"திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு இதானம்மா வழி" என்றேன்.

இரண்டாவது கண்ணும் திறந்தது. "திருவனந்தபுரமா? மதுரை இல்லயா?"

வாசகர்களே, எங்கள் தெருவுக்கு ஏர்போர்ட் என்றால் மதுரைதான். மதுரை போகிற வழியில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர். ரெஜைனா ஏர்போர்ட்டின் மூன்றெழுத்துக் குறியீடுவரை தெரிந்துவைத்திருந்த எனக்கு, 'திருவனந்தபுரம்' என்ற ஒரு பெயரை அம்மாவிடம் சொல்லத் தோன்றவில்லை. காதரிடம் சொன்னேன். வெப்சைட்டிடம் சொன்னேன். போகிறவளிடம் சொல்லவில்லை.

அம்மாவின் கையிலிருந்து எலுமிச்சம்பழம் உருண்டு விழுந்தது.

"அப்ப பாஸ்போர்ட்டு?"

"பத்திரமா இருக்குன்னியேம்மா!"

"பத்திரமாத்தான்டா இருக்கு. ஒஞ் சித்தி வீட்டு சாமி ரூம்ல."

காதர் டீ கிளாஸைக் காரின் மேலேயே வைத்துவிட்டான்.

நடந்தது இதுதான். நாள் சரியில்லாத நாளில் கிளம்ப வேண்டியிருந்தால், அதற்கு முன் ஒரு நல்ல நாளில் பயணத்துக்கு வேண்டிய பொருள் ஒன்றைக் கொண்டுபோய் வேறொருவர் வீட்டில் வைத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். 'பை வைக்கிறது' என்போம். பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். மதுரைக்குப் போகிற கார் எப்படியும் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்கும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று அம்மா இருந்திருக்கிறாள். சாதாரணமாகப் பக்கத்து வீட்டில் வைப்பார்கள். ஒரு சேலை, ஒரு துண்டு, அப்படி ஏதாவது.

"பக்கத்து வீட்ல வச்சா என்னம்மா?"

"பதிமூவாயிரம் கிலோமீட்டருக்குப் பக்கத்து வீடு காணுமாலே? ஊரத் தாண்டி வைக்கணும்லா?"

"சரி, சேலையை வச்சா என்ன? பாஸ்போர்ட்டையா வைப்பாங்க?"

"நீதானடா சொன்ன! பயணத்துக்கு முக்கியமானது எதுடான்னு கேட்டேன். பாஸ்போர்ட்டும்மா, அது இல்லாம ஒரு எட்டு நகர முடியாதுன்ன. முக்கியமானதத்தானே முன்னால அனுப்பணும்?"

சொல்லுங்கள், இதில் எங்கே ஓட்டை இருக்கிறது? என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றுவரைக்கும்.

காதர் சாவியைத் திருகினான். "மாப்ள ஏறு. திரும்பிப் போயி எடுத்துட்டு வந்துருவோம்."

"வண்டியத் திருப்பாத!" அம்மா கத்தினாள். "கெளம்புன காரியத்துக்குத் திரும்பி வீட்டுப் பக்கம் போகக் கூடாது. பிள்ளப்பேறுக்குப் போற வழி இது."

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் வருவதென்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் ராஜபாளையத்து நெரிசலை இரண்டு முறை தாண்ட வேண்டும். அதைவிடச் சித்தப்பாவைக் கொண்டுவரச் சொல்வதுதான் சரி. சித்தப்பாவுக்குக் கோயில் பக்கம் பூக்கடை, ஒரு மொபெட்டும் இருக்கிறது. சித்தியைக் கூப்பிட்டேன்.

"ஏன்டா, எங்க வாரீங்க? அக்கா வரும்னு காப்பியப் போட்டு வச்சு ரெண்டு தடவ சூடு பண்ணியாச்சு."

விஷயத்தைச் சொன்னேன். சித்தி ஐயையோ என்றாள், ஆண்டாளே என்றாள். பிறகு குரல் மாறியது.

"செத்த நேரம் பொறு. மணி பத்தரை தாண்டிருச்சே. ராகு காலம்லா? தலப்பிரசவத்துக்குப் போற பைய ராகு காலத்துல வாசலத் தாண்ட விட மாட்டேம்ப்பா. பன்னெண்டு மணிக்குப் பொறவு குடுத்து விடுதேன்."

பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினால் எப்போது வந்து சேர்வது? செங்கோட்டை தாண்டினால் மலைப்பாதை. வளைவில் ஒரு லாரி மக்கர் பண்ணினால் போதும், அவ்வளவுதான். நான் கெஞ்சினேன். சித்தி அசையவில்லை. முத்துவின் அழுகை என் காதில் கேட்க ஆரம்பித்தது.

அம்மா ஃபோனைப் பிடுங்கினாள்.

"ஏட்டி, பை எப்பக் கெளம்புச்சு?"

"நேத்துக்கா."

"நேத்தே கெளம்பிருச்சுல்லா? ராகு காலம் கெளம்புறதுக்குத்தானே? கெளம்பி நடுவழில நிக்குற பைக்கு எதுக்குட்டி ராகு காலம்? மதுர பஸ்ஸு ராகு காலம் வந்தா ரோட்ல நின்னுக்கிட்டா இருக்கு?"

அந்தப் பக்கம் சித்தியின் குரல் தூரமாகக் கேட்டது. "ஏங்க! வண்டிய எடுங்க!"

விமானப் பாஷையில் இதற்கு 'டிரான்சிட்' என்று பெயர். அம்மாவின் பை முதல் நாளே ராஜபாளையத்தை விட்டுப் புறப்பட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் டிரான்சிட்டில் இருந்திருக்கிறது. கனடாவுக்குப் போக அபுதாபியில் உட்காரலாம் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏன் உட்காரக் கூடாது?

இதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது சிரிப்பு வரவில்லை. சித்தப்பாவின் மொபெட் எனக்குத் தெரியும். முப்பதைத் தாண்டாது. சித்தப்பாவையும் தெரியும். ரோட்டில் தெரிந்த முகம் கண்டால் நிறுத்தாமல் போக மாட்டார், பூக்கடைக்காரருக்குத் தெரியாத முகம் எது? வண்டி ஓட்டும்போது ஃபோனையும் எடுக்க மாட்டார்.

பதிமூவாயிரம் கிலோமீட்டர் பறக்க ப்ளேன் தயாராக நிற்கிறது. நடுவே இருக்கும் நாற்பத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஒரு மொபெட்டின் கையில்.

அப்பாவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். "நான் அப்பவே நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். என்ன நினைத்தார்? எப்போது நினைத்தார்? கேட்க முடியவில்லை.

காத்திருந்தோம். புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். எங்களைச் சுற்றிச் சாக்குச் சாக்காக எலுமிச்சம்பழம் லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. அம்மா டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து அதையே பார்த்தாள். "எம்புட்டுப் பழம் பாருலே" என்றாள். நான் ரோட்டைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா மெதுவாகக் கேட்டாள். "ஏலே, நான் போயிருவேன்ல?"

"போயிருவம்மா."

"பிள்ள ஒத்தையில கெடக்குமேன்னுதான்டா... நல்லபடியா போகணும்னுதான் செஞ்சேன்."

அம்மாவுக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

மணி பன்னிரண்டை நெருங்கும்போது, வடக்கேயிருந்து ஒரு சத்தம். மொபெட் இப்படிக்கூடக் கத்துமா என்று நினைக்க வைக்கிற சத்தம். காதர் ரோட்டில் இறங்கி நின்று பார்த்தான். "மாப்ள, ஒங்க சித்தப்பா இல்லடா ஓட்டிட்டு வாரது. அது..."

ஓட்டி வந்தது அப்பா.

தலை முழுக்க மில் பஞ்சு. பின்னால் மஞ்சள் பையைக் கட்டிப் பிடித்தபடி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, சித்தப்பா.

ஷிஃப்ட்டைப் பாதியில் விட்டுவிட்டு மெயின் ரோட்டு மில் வாசலில் வந்து நின்றிருக்கிறார் அப்பா. சித்தப்பா வந்ததும், "நீ பின்னால ஒக்காரு" என்று சொல்லி ஹேண்டில்பாரை வாங்கியிருக்கிறார். சித்தப்பா இறங்கியதும் முதலில் தரையைத் தொட்டுக் கும்பிட்டார். "யப்பா... இதுக்கு நான் கனடாவுக்கே நடந்து போயிருப்பேன்."

அப்பா பையை அம்மாவின் மடியில் வைத்தார். "ஏட்டி கூறுகெட்டவளே, பாஸ்போர்ட்ட சாமி கும்புட வச்சிட்டு வந்தியாக்கும்?"

"நீங்க ஷிஃப்ட்டுக்குப் போகலியாக்கும்?"

அம்மா எழுந்து அவர் தலையில் இருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

நான் பையைத் திறந்தேன். பாஸ்போர்ட் இருந்தது. விபூதி வாசனை அடித்தது. கூடவே பிரசவ லேகியம் ஒரு டப்பா, மல்லிகைச் சரம் ஒரு பந்து. பிறகு... ஆமாம், பால்கோவாவும் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நாள் தங்கிய பை அது இல்லாமல் வருமா? "வந்த பைய வெறும் பையாவா அனுப்புவா ஒங்க சித்தி?" என்றார் சித்தப்பா.

கிளம்ப வேண்டும். அப்பா மொபெட்டுக்கு அருகில் நின்றுகொண்டு எங்கோ மலையைப் பார்த்தார். அம்மா கார் கதவைத் திறந்தபடி சொன்னாள்.

"காலைல மூணு பேராக் கெளம்புனோம். மூணு பேராப் போனா காரியம் தடங்கும்னு சொல்லுவாகள்ல? அதான் இம்புட்டும். நாலாவது ஆளா ஏறுங்க."

அப்பா ஏறிக்கொண்டார்.

அதற்குள் சித்தப்பா பக்கத்துச் சாக்குக்காரரோடு சிநேகமாகிவிட்டிருந்தார்.

மலைப்பாதையில் ஒரு லாரி நின்றுதான் இருந்தது. காதர் ஓரமாக நெளிந்து வளைந்து தாண்டினான். ஏர்போர்ட் போய்ச் சேர்ந்தபோது நேரம் இருந்தது. அதிகம் இல்லை, ஆனால் இருந்தது.

வாசலில் ஒரு வீல்சேர் காத்திருந்தது. அபுதாபி, டொரோண்டோ என்று அம்மா தனியாகத் தடுமாறாமல் இருக்க நான் ஏற்பாடு செய்தது. இங்கிருந்து தனியாகப் போகிற அம்மாக்கள் நிறையப் பேர் அப்படித்தான் போகிறார்கள்.

"யாருக்குலே முடியல? நெல்லுக் குத்துன ஒடம்பு இது."

"முடியாதவங்களுக்கு இல்லம்மா. வழி காட்டத்தான். ஒக்காந்தா போதும், அவங்களே ஒவ்வொரு ப்ளேன்லயும் கொண்டுபோயி ஏத்திருவாங்க."

அம்மா உட்கார்ந்தாள். சேலையைச் சரி செய்தாள். தலையில் மல்லிகையை வைத்துக்கொண்டாள். சீருடைப் பையன் வண்டியைத் தள்ளியபோது இரண்டு பக்கமும் பார்த்து லேசாகத் தலையசைத்தாள், பாருங்கள்... ஆண்டாளின் ஆடிப்பூரத் தேர் தோற்றது!

டிக்கெட் இல்லாதவர்கள் வாசலோடு நிற்க வேண்டும். அப்பா கடைசி நேரத்தில் ஓடிப்போய்ச் சட்டைப் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து அம்மாவின் கையில் வைத்தார். புளியங்குடியில் எப்போது வாங்கினார் என்று யாருக்கும் தெரியாது.

"கண்ண மூடாம போட்டி. இம்புட்டுத் தூரம் போற, பராக்குப் பாக்க வேணாமா?"

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த வாரமே பெண் குழந்தை. அம்மா பக்கத்தில் இருக்கும்போதே. "எம்புட்டு நேரமாச்சும்மா வந்து சேர?" என்று முத்து கேட்டதற்கு அம்மா சொன்ன பதில்: "வியாழக்கிழம கெளம்பினேன்டி."

அதுதான் சரியான கணக்கு என்று இப்போது எனக்கும் படுகிறது. வெப்சைட் ஓடுபாதைக்கும் ஓடுபாதைக்கும் நடுவே இருப்பதை அளக்கிறது. பயணம் அதற்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. ஒரு சாமி ரூமில், ஒரு மில் வாசலில், பின்சீட்டில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு வந்த ஒரு மொபெட்டில். அந்தத் தூரத்தை எந்த ஏர்போர்ட் பெயரில் போட்டுத் தேடுவது?

முந்தாநாள் வீடியோ காலில் அம்மா வந்தாள். மடியில் பேத்தி. வழியெல்லாம் கண்ணைத் திறந்தே வந்தாளாம். "மேகத்துக்கு மேல ஒரே வெயிலுங்க" என்று அப்பாவிடம் மூன்று தடவை சொன்னாள். பிறகு என்னிடம் திரும்பினாள். திரும்பி வருகிற டிக்கெட் போட வேண்டும்.

"ஏலே, இங்கயிருந்து நம்ம ஊரு எந்தத் திசை?"

நான் யோசித்தேன். மனசுக்குள் ஒரு எலுமிச்சம்பழம், ஒரு நூல். உண்மையைச் சொல்லத்தானே வேண்டும்?

"வடக்கம்மா."

அம்மா திரையை உற்றுப் பார்த்தாள். "போறதும் வடக்கு, வாரதும் வடக்கா? எந்தப் பள்ளிக்கூடத்துலடா படிச்ச?"

பின்னாலிருந்து அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிற சத்தம். நான் மறுபடி பழத்தை எடுக்கப் போனேன். அம்மா கையமர்த்திவிட்டாள்.

"சரி சரி, வடக்குன்னா வடக்கு. அப்ப செவ்வாக்கெழம, புதன்கெழம மட்டும் டிக்கெட் போட்டுறாத. வடக்க சூலம்."

நிச்சயமாகப் போட மாட்டேன். ரெஜைனாவுக்குப் பக்கத்து ஊரில் எங்களுக்குச் சித்தி யாரும் இல்லை.